பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறார் ராஜபாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தவர், முதலில் தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை பார்த்தார். அப்புறம் பேக்கிங். அப்புறம் ஸ்டீம் அயர்ன் மேசைக்கு முன்னால் நின்றவர்தான், ஆயுசில் பாதி அங்கேயே ஆவியாகப் போய்விட்டது. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காலையில் அயர்ன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவார். “அது சூடாகுறதுக்கு முந்தி தொட்டுக் கும்பிடுங்கண்ணே, அப்புறம் சாமியே வந்தாலும் கை வெந்துரும்” என்று ஓவர்லாக் தைக்கிற நதியா கேலி செய்வாள். அவளும் மதுரைப் பக்கம்தான். அண்ணே என்று உரிமையாகக் கூப்பிடுவாள்.

நின்று நின்று ராஜபாண்டிக்குக் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டன. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. நிற்கிற வேலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். சொல்லிவிடலாம். உட்கார்ந்து பார்க்கிற வேலையை யார் கொடுப்பது? அயர்ன் மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைக்கிற கம்பெனி ஊரில் இருக்கிறதா?

அவருக்கு ஒரே ஒரு விளையாட்டுப் புத்தி உண்டு. பழைய இரும்புக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. “மண்டைக்குள்ள மூளை இல்லாத பெட்டிய வாங்கியாந்திருக்கீகளே, உங்களுக்குத் துணையா?” என்று சிரித்தாள் மனைவி ராக்கம்மாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ராஜபாண்டி அதை எழுப்பினார். லைவ் லினக்ஸ் என்று ஒன்றை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் குத்தினால் போதும், ஹார்ட் டிஸ்க் இல்லாமலே கம்ப்யூட்டர் கண் திறக்கும். அதே பென் டிரைவில் எமுலேட்டர் என்கிற இன்னொன்றைப் போட்டுக்கொண்டால், ஒரு காலத்தில் காசு போட்டு ஆடிய டாங்கி ஆட்டம், விண்கலம் சுடுகிற ஆட்டம் எல்லாம் அதற்குள் ஓடும். ஒரு குறைதான். அணைத்துவிட்டால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். எந்தப் பொத்தான் சுடுவதற்கு, எது குதிப்பதற்கு என்று மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். மறக்காமல் வைத்திருக்கப் பென் டிரைவில் தனியாக இடம் ஒதுக்க வழி உண்டு என்று வீடியோவில் சொன்னார்கள். அவரிடம் இருந்தது சின்னப் பென் டிரைவ். ஆட்டங்களை அடைத்ததும் இடம் தீர்ந்துபோயிற்று.

இந்த விஷயம் எப்படியோ முதலாளி கந்தப்பன் காதுக்குப் போயிற்று. ஒரு நாள் அயர்ன் மேசைக்கே வந்து நின்றார்.

“ஏப்பா ராஜபாண்டி, நீ ஏதோ ஓட்டைக் கம்ப்யூட்டர்ல எல்லாம் கேம் ஓட வெக்கறியாமா?”

“சும்மா பொழுதுபோக்குக்குங்க முதலாளி.”

“அதேதாம்ப்பா நமக்கும் வேணும். வெளிநாட்டுப் பார்ட்டி ஆடிட் வருது. தொழிலாளிக பொழுதுபோக்கறதுக்கு ரூம் இருக்குதான்னு பார்ப்பாங்களாம். ஆபீஸ்ல ஹார்ட் டிஸ்க் போன ஒரு பழைய பெட்டி தூங்குது. அதுல ஓட வெச்சுக் குடு.”

பொழுதுபோக்கு அறை ஒன்று அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே இருந்தது. காய் இல்லாத கேரம் போர்டோடு பூட்டிக் கிடக்கும். ஆடிட் அன்றைக்குத் திறப்பார்கள். பக்கத்தில் குழந்தைகள் காப்பக அறை, அதுவும் அப்படியே. ஆடிட் அன்று வாட்ச்மேன் பேத்தியைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். ராஜபாண்டிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ரூமத் தெனமும் சாப்பாட்டு நேரத்துல தொறந்து வைக்கலாங்களா? நான் அதப் பாத்துக்கிட்டு, அப்படியே ஸ்டோர்ல உக்காந்து லேபிள் பிரிக்கிற வேலையும் செஞ்சிர்றேன். கால் முடியலீங்க முதலாளி.”

கந்தப்பன் அவருடைய காலைக் குனிந்து பார்த்தார். இரக்கம் இல்லாத மனுஷன் என்று சொல்ல முடியாது. “ஆடிட் நல்லபடியா முடியட்டும். ரூமு உன்ற பொறுப்பு. அயர்ன் மேசைக்கு வேற ஆளப் போட்டுக்கலாம். முருகன் மேல சத்தியமாச் சொல்றேம்ப்பா” என்றார்.

அந்தச் சத்தியத்தை ராஜபாண்டி திருநீறு மாதிரி மடித்து வைத்துக்கொண்டார்.

ஆடிட்டுக்கு முந்திய நாட்களில் சாவி ராஜபாண்டியிடம் இருந்ததால் அந்த அறை நிஜமாகவே அறையாக மாறியது. சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸோடு ஓடி வருவார்கள். செக்கிங் பெண்கள், கட்டிங் ஆட்கள், தமிழ் தெரியாத ஒடிசாக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கீபோர்டு. விண்கல ஆட்டத்தில் நதியாவை ஜெயிக்க ஆள் இல்லை. ஓவர்லாக் மிதித்த காலும் துணி தள்ளிய கையும் சும்மாவா! “தீதி, ஜல்தி, ஜல்தி!” என்று அக்காவைச் சீக்கிரம் சுடச் சொல்லி ஒடிசாக்காரர்கள் இந்தியில் கத்துவார்கள். “நீங்க கத்துனா நான் செத்துருவேன்டா, வாய மூடுங்க” என்பாள். அவர்களுக்குப் புரியாது, இன்னும் கத்துவார்கள். ஆட்டம் முடிந்தால் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியல் வரும். மூன்றே மூன்று இங்கிலீஷ் எழுத்தில் பெயர் போடலாம். நதியாவின் பெயர் எப்போதும் உச்சியில் இருந்தது. ஏழு வருஷமாக அந்தக் கம்பெனியில் அவளுக்கு டோக்கன் நம்பர் மட்டும்தான். தன் பெயர் ஒரு திரையில் மேலே நிற்பதை அவள் சோற்றை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெயர்கள் அழிந்துவிடக் கூடாது என்று ராஜபாண்டி கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. கரண்ட் போனாலும் அந்த அறை லைன் யூ.பி.எஸ்ஸில் ஓடியது. சாயங்காலம் திரையை மட்டும் இருட்டாக்கிவிட்டு, ஒரு பனியன் துணியைப் போர்த்திவிட்டுப் போவார்.

ஆயுத பூஜை வந்தது. லீவு முடிந்து கம்பெனி திறக்கிற முதல் நாள் ஆடிட்.

பூஜைக்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. மெஷின் எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். வைத்த பிறகு யாரும் தொடக் கூடாது. அதற்கும் ஓய்வு வேண்டும், அதுவும் உயிர்தான் என்பது நம்பிக்கை. பவர் டேபிள், ஓவர்லாக், பாய்லர் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. இரைச்சலே பழகிய காதுக்கு அந்த அமைதி கோயில் கர்ப்பக்கிருகம் மாதிரி இருந்தது. ராஜபாண்டி தன் அயர்ன் பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு, பொழுதுபோக்கு அறைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு போனார். அங்கே கம்ப்யூட்டர் மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

நதியா வாசலில் பொரிப் பொட்டலத்தோடு நின்றாள். “அண்ணே, அதுக்குமா? அணைச்சா பேரெல்லாம் போயிருமே.”

ராஜபாண்டி யோசித்தார். யோசிக்காமல் செய்தார் என்று சொன்னால் பாவம். ஊரில் எல்லா ஆயுதமும் அம்மன் முன்னால் அடங்கியிருக்கும்போது தன் பொறுப்பில் இருக்கிறது மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் தகுமா? சாமி கொடுக்கப்போகிற வேலைக்கு முதல் மரியாதையே இப்படியா?

“பேருதானம்மா. மறுபடி நீதான மேல வரப்போற” என்றார். “தெய்வத்துக்குச் செய்யறதச் செஞ்சிருவோம்.”

“உங்க இஷ்டம்” என்று அவள் பொரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் அணைத்தார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்.

ஆடிட் அன்று காலையில் சீக்கிரமே வந்து கம்ப்யூட்டரை எழுப்பினார். பொத்தான்களுக்கு மறுபடி பாடம் சொல்லிக் கொடுத்து, ஆட்டங்கள் ஓடுகிறதா என்று சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அலுவலகத்திலிருந்து கவிப்பிரியா வந்து பார்த்தாள். ஆடிட் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. “சூப்பருங்ணா. கேட்டா மட்டும் பேசுங்க, கேக்காததச் சொல்லாதீங்க” என்றாள். மற்ற எல்லோருக்கும் அதே பாடம்.

சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா அமைதியானவர். தொட்டிலில் தூங்கிய வாட்ச்மேன் பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். அன்று காலையில் நிரப்பிய முதலுதவிப் பெட்டியைத் திறந்து மூடினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பொழுதுபோக்கு அறைக்கு வந்தார்.

“இதை நிஜமா யூஸ் பண்றீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமாங்க மேடம்” என்று எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அம்மாவின் முகத்தில் சலிப்பு. இந்த ஒரே குரலை அவர் எத்தனை கம்பெனியில் கேட்டிருப்பாரோ.

நதியாவுக்குப் பொறுக்கவில்லை. மற்றதெல்லாம் பொய்யாக இருக்கட்டும், இது நிஜமல்லவா? “தெனமும் ஆடுறோம் மேடம். நான்தான் ஃபர்ஸ்ட். எம்பேருதான் மேல இருக்கும், வேணும்னா பாருங்க” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும், சடாரென்று ராஜபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆடிட்டர் அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆட்டத்தைத் திறந்தார். பட்டியல் வந்தது. ஆட்டத்தோடு கூடப் பிறந்த பெயர்கள் மட்டும், வரிசைக்கு ஒரே எழுத்து மூன்று தடவை. மனுஷக் கை பட்ட அடையாளமே இல்லை. ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து பார்த்தார். எல்லாம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

“அம்மா, பூஜைக்கு நான்தான் அணைச்சேன்” என்றார் ராஜபாண்டி. “இது லைவ்ல ஓடுற பெட்டி. அணைச்சா பேரெல்லாம் அழிஞ்சிரும். பூஜை வரைக்கும் இந்தப் பிள்ளை பேரு மேலதான் இருந்துச்சு. சாமி சத்தியமா.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. “எல்லாக் கம்பெனியிலயும் ஏதாவது ஒண்ணு நாங்க வர்றதுக்கு முந்தித்தான் அழிஞ்சிருக்கும்ங்க” என்றார். எழுந்து போய்விட்டார்.

ஆடிட்டில் கம்பெனி பாஸ் ஆகிவிட்டது. குழந்தைகள் காப்பகம் நன்று என்று எழுதியிருந்தார்களாம். ஒரே ஒரு குறை, பொழுதுபோக்கு அறை காட்சிக்கு மட்டும் வைக்கப்பட்டது, தொழிலாளர்கள் பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கிறார்கள் என்று. அந்தக் கம்பெனியில் இருந்த ஒரே உண்மை அந்த அறைதான்.

கந்தப்பன் ராஜபாண்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சந்தோஷமாக இருந்தால் அவர் வாயில் ‘ப்பா’ வரும். கோபம் ஏற ஏற ‘ங்க’ கூடும்.

“சாமி கும்பிட வேண்டாம்னு நான் சொல்லுவனுங்களா ராஜபாண்டி? சொல்ல மாட்டனுங்க. ஆனா பாருங்க, நீங்க போய் உங்க வேலையப் பாருங்க. அயர்ன் மேசை காத்துக்கிட்டு இருக்குதுங்க.”

முருகன் மேல் செய்த சத்தியத்தை ராஜபாண்டி ஞாபகப்படுத்தவில்லை. ஆடிட் நல்லபடியாக முடிந்தால் என்றுதானே முதலாளி சொன்னார்? சாமி பெயரில் சொன்ன வார்த்தையிலும் ஒரு சந்து வைத்துப் பேசத் தெரிந்தவர்களிடம் என்ன கேட்பது. ராஜபாண்டி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

நதியாவைக் கவிப்பிரியா கூப்பிட்டு, கேட்காததை ஏன் சொன்னாய் என்று கடிந்திருக்கிறாள். லைனில் அவளுக்குப் ‘ஃபர்ஸ்ட்’ என்றே பட்டப்பெயர் ஆகிவிட்டது. “ஃபர்ஸ்ட், பீஸ் எங்க? ஃபர்ஸ்ட், ஊசி ஒடைஞ்சிருச்சா?” சிரிக்கிறவளாக இருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். ராஜபாண்டி ஒரு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

“கோவமாம்மா?”

“கோவமெல்லாம் இல்லண்ணே. நீங்க பொட்டு வச்சீங்கள்ல, அந்தச் சாமிக்கு எம்பேரு தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் பொய் சொல்லலன்னு அதுக்காவது தெரியட்டும்.”

தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பல்லடத்தில் வேறு கம்பெனியில் தைக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

அறையைப் பூட்டி, அட்டைப்பெட்டிகளை அடுக்கினார்கள். அடுத்த ஆடிட் நெருங்கியபோது கவிப்பிரியா ஒரு புதுப் பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியது, எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருக்க இடம் உள்ளது.

“இந்தத் தடவ அழியாத மாதிரிப் போட்டுருங்ணா. நீங்களே உக்காந்து ஆடி, பத்துப் பேரு பேர ஏத்தி வெச்சிருங்க. பார்த்தா தெனமும் ஆடுன மாதிரி இருக்கோணும்.”

“ரூமத் தொறந்து விட்டா அவுகளே ஆடுவாங்களே தாயி.”

“அதெல்லாம் முதலாளி ஒத்துக்க மாட்டாருங்ணா. அட்டைப்பெட்டிய எங்க வெக்கிறது?”

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு ராஜபாண்டி உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, ஒரு மதியத்துக்கு மட்டும் கிடைத்தது. திரையின் ஓரத்தில் போன பூஜையின் சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவருக்கு ஆட வராது. விண்கலம் திரும்பத் திரும்ப நொறுங்கியது. கால் முடிச்சுகள் தெறிக்கத் தெறிக்க ஆடி, ஒவ்வொரு பெயராக ஏற்றினார். எல்லாம் பொய்ப் பெயர்கள். கடைசியில் இருந்ததிலேயே அதிகப் புள்ளிக்கு மட்டும் மூன்று எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினார். நதியாவின் பெயர் உச்சியில் போய் நின்றது. அவள் எடுத்த புள்ளியில் பாதி கூட இல்லை அது.

கம்ப்யூட்டரை அணைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். பெயர் அப்படியே இருந்தது. இனி எந்தப் பூஜைக்கு அணைத்தாலும் அது அழியாது.

கையெடுத்துக் கும்பிடப் போனவர், எதைக் கும்பிடுகிறோம் என்று தோன்றவே கையை இறக்கிக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கவிப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு அயர்ன் மேசைக்குப் போனார்.