எடுக்கக் கூடாத அழைப்பு

போர் திரும்பவும் மூளுவதற்குச் சற்று முன்புதான் எங்கள் தீவின் கரைக்குத் தொலைபேசிக் கோபுரம் வந்தது. பின்தங்கிய கிராமங்களுக்கு அரசாங்க மானியமாம். கோபுரம் கட்டிய கொம்பனிக்கும் மானியம், வயரில்லாத வீட்டுப் போன் வாங்கிய எங்களுக்கும் மானியம். மண்ணெண்ணெய்க்கு வரிசை, கடலுக்குப் போகத் தடை, பேசுவதற்கு மட்டும் சலுகை. பேசினால் யார் யார் கேட்பார்களோ என்று வாயைத் திறக்கவே பயமாக இருந்த காலம் அது.

அதனால் எங்கள் ஆட்கள் போனைப் பேசாமலே பயன்படுத்தப் பழகினார்கள். படகில் இந்தியாவுக்குத் தப்பிப் போகிறவர்கள், இராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஏதாவது கடையில் கெஞ்சி எங்களுக்கு மணி அடிப்பார்கள். உயிரோடு சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அங்கே கடைக்காரனுக்குச் செலவு, இங்கே எங்களுக்கு விசாரணை.

எங்கள் வீட்டு வளவில் ஒரு குடும்பம் குடியிருந்தது. மலைநாட்டிலிருந்து வந்து வெள்ளாங்குளம் பக்கம் வயல் கூலி செய்தவர்கள், ஷெல்லடிக்குப் பயந்து தீவுக்கு வந்திருந்தார்கள். அந்த மனிதருக்கு நீந்தத் தெரியாது. கடலைக் கண்டாலே ஒதுங்கி நடப்பார். ஆனாலும் மனைவியையும் கைக்குழந்தையையும் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, தன் பழைய கைத்தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு படகேறினார்.

மறுநாள் பூசை முடிந்து நாங்கள் வந்த நேரம் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். அவருடைய மனைவி மறித்தாள்.

"எடுக்காதீங்க அக்கா. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

மணி விடாமல் அடித்தது. நின்று, திரும்பவும் அடித்தது. கடைக்காரன் தங்கமான ஆள் போலிருக்கிறது, ஆசை தீர அடிக்க விட்டிருக்கிறான் என்று அயலவர்கள் பகிடி பண்ணினார்கள். அவள் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

மத்தியானம் என் கணவர் வந்து போனின் சின்னத் திரையைப் பார்த்தார். இந்திய நம்பர் இல்லை. அது அந்த மனிதருடைய கைத்தொலைபேசியின் நம்பர். எங்கள் கோபுரத்தின் அலை இராமேஸ்வரம் வரை போகாது. நடுக்கடலில் கிடக்கும் மணல் தீடைகளைத்தான் எட்டும். படகோட்டிகள் சிலர் ஆட்களைத் தீடையில் இறக்கி, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுத் திரும்புவது ஊரறிந்த விஷயம். நீர் ஏறினால் சில தீடைகள் மூழ்கிவிடும்.

அந்த நம்பருக்குத் திருப்பி அழைத்தோம். தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் முதலில் சிங்களத்தில் சொன்னது, பிறகு தமிழில். என் கணவர் கடற்படை முகாமுக்கு ஓடினார். படகோட்டி யார் என்று அவரைத்தான் பொழுதுபடும்வரை விசாரித்தார்கள். கடலில் தவிக்கிறவனை விட்டுவிட்டுக் கரையில் நிற்கிறவனைப் பிடித்தார்கள்.

அந்த மனிதர் வரவேயில்லை. உடலும் கரையொதுங்கவில்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு போன் நீளமாக அடித்தால், யாராவது எடுக்கும்வரை எனக்கு மூச்சு வராது.

போன் அடித்த அன்று பின்னேரம் அவள் கிணற்றடியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவரு என்னையத்தான் கூப்பிட்டிருக்காரு அக்கா. நான் தேத்தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தேன்."