சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

பழைய கார்களை உள்ளங்கை அளவில் செய்து, வண்ணமடித்து, அவற்றுக்கு வெயிலும் வயதும் ஏற்றுவது என் பொழுதுபோக்கு. போன ஆண்டு செய்தது கறுப்பு அம்பாசிடர். செய்யூர்ச் சாலைப் புழுதியைச் சலித்து மட்கார்டில் பூசியிருந்தேன். ஊரெல்லாம் ஓடிக் களைத்து வந்து நிற்பதுபோல் நின்றது. ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்துக் கண்காட்சியில் அதை வைப்பதாக இருந்தேன்.

பூஜையன்று படாளத்திலிருந்து மச்சான் வந்தார். வேன் ஓட்டுகிறவர். என் பைக்குக்குப் பொட்டு வைத்த கையோடு, அலமாரியிலிருந்த அம்பாசிடருக்கும் சந்தனம் அப்பி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியிருக்கிறார். நான் குளித்துவிட்டு வந்தபோது அச்சு முறிந்து, சக்கரம் சோபாவுக்கு அடியில் கிடந்தது.

"இன்னா மச்சான் இது?"

"பழம் நசுங்கல மாமா, கொஞ்சம் அமுக்கினேன். வண்டின்னா பூஜ போடாம வுடுவாங்களா?"

என் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "பொம்மைக்குப் போயி மூஞ்ச தூக்கி வெச்சிகினு... ஒட்டிக்கலாம் வுடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டு முழுக்க இந்த வீட்டில் அது பொம்மை. அன்று காலை மட்டும் வண்டி. உடைந்த மறுநிமிடமே மறுபடியும் பொம்மை. கண்காட்சிக்கு நான் வெறுங்கையோடு போனதை யாரும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு பூஜைக்கு முந்தின நாளே கார்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாமிக்கு முன்னால் என் இடுக்கி, அரம், தூரிகைகளை வைத்துச் சந்தனமிட்டேன். ஆயுதம் அவைதானே.

மச்சான் கையில் பழத்தோடு அலமாரியைப் பார்த்தார். "வண்டி எங்க மாமா?"

"சர்வீசுக்கு வுட்டிருக்கேன்" என்றேன்.