மெட்ராஸ் பார்க்கப் போன குத்தகைக்காரர்

வைரக்கண்ணுவுக்குக் கட்டடம் என்றால் கிறுக்கு. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிற மனிதர், தஞ்சாவூருக்கு விதை வாங்கப் போனால்கூட, புதிதாக எழும்புகிற மாடி வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: மழை பெய்தால் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வடிகால் சரியில்லாத வயலோடு மல்லுக்கட்டியே வளர்ந்த புத்தி அது.

இந்தக் கிறுக்கு, அவர் உழுகிற வயலின் சொந்தக்காரரான மிராசுதார் நாகநாதனுக்கும் தெரியும். வினை அங்கேதான் வந்தது.

அது எழுபதாம் வருஷம். உழுகிறவர் பெயரைக் குத்தகைக்காரர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்த நேரத்தில் வயலை விட்டு இறக்க முடியாது. ஏறாவிட்டால் இருபத்தாறு வருஷம் உழுதவரும் வழிப்போக்கர்தான். வைரக்கண்ணுவிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அதிகாரி ஊருக்கு வருகிற அன்று நேரில் நின்று சொன்னால்தான் உண்டு.

அந்த நேரம் பார்த்து நாகநாதன் கூப்பிட்டார். "வைரக்கண்ணு, வக்கீலைப் பாக்க மெட்ராஸ் போறேன். நீயும் வாயேன். ஹைகோர்ட்டு, பதினாலு மாடிக் கட்டடம் எல்லாம் காட்டுறேன்."

"விசாரணை இருக்குதுங்களே ஐயா?"

"அது அடுத்த வாரம்தானே. அதுக்குள்ள திரும்பிடலாம்."

முப்பது வருஷத்து ஆசை. களையெடுப்பை மனைவி பூவம்மாள் தலையில் கட்டிவிட்டு மனிதர் ரயில் ஏறிவிட்டார். மிராசுதார் திடீரென்று பாசம் காட்டினால் பயப்பட வேண்டாமா? அவருக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் எழும்பூரில் இறங்கி ஜட்கா வண்டியில் ஊர் பார்த்தார். அழகென்றால் அழகு, கழுத்து வலிக்கப் பார்த்தார். மறுநாள் காலை ஹைகோர்ட்டு. "இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு நாகநாதன் வக்கீலைத் தேடி உள்ளே போனார். சிவப்புத் தூண்கள், கோபுரம் மேல் கோபுரம். இத்தனை வளைவுக்கு நடுவில் மழைநீர் எப்படி இறங்கும் என்று தூண் தூணாகத் தேடிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

சேக் தாவூது. திருக்காட்டுப்பள்ளியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பக்கத்துத் தெருவில் சரக்கெடுக்க வந்திருந்தார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க? நேத்துக் காலையில உங்க ஊருல தண்டோரா போட்டாங்களே. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை."

"அடுத்த வாரம்னு சொன்னாங்க, பாய்."

"தேதிய மாத்திட்டாங்க. ஐயாவுக்குத் தெரியாமயா இருக்கும்?"

நம்மைக் கூட்டி வரவில்லை, அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்று புரிந்தபோது வைரக்கண்ணுவுக்கு ஆத்திரத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. அதற்குள் நாகநாதன் வெளியே வந்துவிட்டார்.

"எங்க கிளம்புற? இன்னும் பதினாலு மாடி பாக்கலையே."

"பாத்தவரைக்கும் போதுங்க ஐயா."

நாகநாதன் தாவூதைப் பார்த்தார், புரிந்துகொண்டார். குரல் உயரவில்லை. "போ. ஆனா என் பேச்சை மீறிப் போனவன் அந்த வரப்புல திரும்பக் கால் வைக்கக்கூடாது."

வரப்பு போனால் பிழைப்பும் போகும் என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும். ஆனாலும் நடந்தார்.

தாவூதின் சரக்கு அப்போதுதான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது, அவரால் கூட வர முடியவில்லை. பஸ் போர்டைப் படிக்க இவருக்கு எழுத்துத் தெரியாது. முந்தின நாள் பார்த்த கட்டடங்கள்தான் வழி சொல்லின. மணிக்கூண்டு வைத்த சிவப்பு ஸ்டேஷன், அதை ஒட்டி வெள்ளை வெளேரென்ற மாளிகை, அதைத் தாண்டினால் எழும்பூர். ஒன்றைக் கண்டதும் அடுத்ததைத் தேடினார். இரண்டு முறை தவறி, திரும்பி வந்தார். எதையும் அண்ணாந்து ரசிக்கவில்லை. பூவம்மாளுக்குச் சேலை எடுக்க மடியில் வைத்திருந்த காசில் டிக்கெட் வாங்கினார்.

ரயிலில் ஒரே நினைப்பு அரித்தது. ஊரில் மிராசுதாருக்கு எதிராக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பூவம்மாள் போவாள், ஆனால் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருமுறை சொன்னதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவரிடமே அடுத்த வீட்டுக்காரிதான் சொன்னாள். பெயர் இல்லாமல் எதை எழுதுவார்கள்?

பூதலூரில் இறங்கி, பஸ் பிடித்து, கடைசி இரண்டு மைலை ஓடியே கடந்து ஊர்ச் சாவடிக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அதிகாரி பதிவேட்டை மூடப்போனார். வைரக்கண்ணு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நின்றார்.

"ஐயா, நாகநாதன் ஐயா நெலத்துக்குக் குத்தகைக்காரன் நான்தாங்க."

"அந்த நெலத்துக்கு எழுதி முடிச்சாச்சே" என்றார் அதிகாரி.

வைரக்கண்ணு இன்னும் கிட்டே போனார். "யார் பேருங்க?"

அதிகாரி கையைக் காட்டினார். முழங்கால் வரை சேற்றோடு பூவம்மாள் ஓரமாக நின்றாள். பின்னால் நடவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"நாகநாதனோட பண்ணை ஆளு, குத்தகைக்காரனே கிடையாதுன்னான். ஊர்ல ஒருத்தரும் பேசல. இந்தம்மா வயல்லேருந்து நேரா வந்தாங்க. புருஷன் பேரு என்னன்னா வாயத் தொறக்கல. நாலு தடவ கேட்டேன். கடைசியில, 'நாத்துப் பறிக்கிறவ நான், நடுறவ நான், களையெடுக்குறவ நான், என் பேரையே எழுதிக்குங்க'ன்னாங்க. இவங்கள்லாம் வந்து, ஆமா, கூட நின்னு நட்டவங்க நாங்கதான்னு சாட்சி சொன்னாங்க."

குத்தகைக்காரரை அப்புறப்படுத்திய நாகநாதன் இவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வைரக்கண்ணுவும் எடுத்ததில்லை. என் வயல், என் சாகுபடி என்று பேசிய அத்தனை வருஷமும் அவருக்கு நினைவு வந்தது. ஒரு கணம் ரோஷம் குத்தியது. அப்புறம் அவள் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்தார்.

"ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு" என்று பதிவேட்டைத் திருப்பினார் அதிகாரி. "கணவர் பேரு."

பூவம்மாள் தலை நிமிரவில்லை.

"எழுதிக்குங்க ஐயா" என்றார் அவர். "குத்தகைக்காரர் பூவம்மாள். புருஷன் வைரக்கண்ணு."