ராத்திரியில் எழுதாத அம்மா

உதட்டை அசைத்துத்தான் படிப்பார். இணையத்தில் ஊர் உலகம் எழுதித் தள்ளுவதையெல்லாம் முணுமுணுவென்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். பக்கத்து மேசைக்காரனான எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வேலை ஓடுவதில்லை. எங்களுக்கு அவர் அக்கா. அவரைவிட மூத்தவரான மேலாளருக்கும் அக்காதான்.

எங்கள் நிறுவனத்தின் சமூக வலைத்தளத்தில் பொய்க் கணக்குகளைப் பிடிப்பது அவர் வேலை. அதிலும் அயல்நாட்டு அரசு ஒன்று சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் கணக்குகளை. முன்பு மருத்துவமனை வரவேற்பில் இருந்தவர். உதாரணங்களைக் காட்டி மெஷினைப் பழக்கும் இயந்திரக் கற்றலை, இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடங்களை ஓடவிட்டு, துணி தேய்த்துக்கொண்டே கற்றார். எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று புதியவர்கள் கேட்டால் நல்லதாக நாலைந்து சொல்லிவிட்டு, "எல்லாம் ஓசியிலயே கெடைக்குது. ஆனா மெஷினுக்குக் காட்டுற உதாரணத்தை மொதல்ல நீ உக்காந்து படி. நீ படிக்காம தள்ளிவிட்டதை அது என்னத்தப் படிக்கும்?" என்பார்.

தேர்தல் நெருங்கிய சமயம். இளைப்பு நோய் உள்ள குழந்தையின் தாய் என்று ஒரு கணக்கு. வருடக்கணக்கில் எத்தனையோ தாய்மாருக்கு ஆறுதல் சொல்லி வந்தது. திடீரென்று, வாக்குச்சாவடியில் தொற்று பரவுகிறது, பிள்ளை வைத்திருப்பவர்கள் போகாதீர்கள் என்று எழுத ஆரம்பித்தது. பொய்க் கணக்கைப் பிடிக்க நாங்கள் பழக்கிய மெஷின் அதை நிஜ மனுஷி என்றே சொன்னது. அக்கா பழைய பதிவுகளை முதலிலிருந்து படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இளைப்பு இருக்கிற புள்ள ராத்திரிதான் படுத்தும். இந்தம்மா ஒரு ராத்திரி கூட எழுதல. சனி, ஞாயிறு புள்ளைக்கு மூச்சே திணறல."

அந்த அயல்நாட்டின் விடுமுறை நாட்களோடு ஒப்பிட்டோம். அன்றும் எழுத்து இல்லை; சம்பள ஆளுக்கு லீவு. இப்படி நாள், நேரம் பார்க்க அக்கா மெஷினுக்கும் கற்றுக்கொடுத்தார். பின்னாலேயே அதே மாதிரிக் கணக்குகள் ஒரு பட்டாளம் சிக்கியது. எல்லாவற்றையும் நீக்கி நிறுவனம் அறிக்கை வெளியிட்டது.

நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை. "எங்க அண்ணி தெனமும் அந்தப் பொய் அம்மாகிட்டதான் பேசுவாங்க" என்றார். விசாரணை முடியும்வரை வீட்டிலும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அத்தனை நாளும் அதை மனசில் சுமந்துகொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அன்று மாலை நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். அண்ணி கதவைத் திறந்தார். இடுப்பில் குழந்தை. அதன் நெஞ்சு இரைவது வாசல்வரை கேட்டது. அக்கா நின்றபடியே உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அண்ணி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எவனோ ஆபீஸ்ல உக்காந்து எழுதினதாவே இருக்கட்டும். நீ எப்படி இருக்கேன்னு என்னைக் கேட்டது அது ஒண்ணுதான். நம்ம வீட்ல யாராச்சும் கேட்டாங்களா?"

அக்கா செருப்பை உதறிவிட்டு உள்ளே போனார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மருந்துப் புகை வரும் முகமூடியை அதன் மூக்கோடு சேர்த்துப் பிடித்தார். "நீங்க போய்ப் படுங்க அண்ணி."

குழந்தை திமிறியது. அது தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அவர் கையும் கூடவே திரும்பியது.