அண்ணனின் கழுத்துப் படமும் மாங்கேணி வான் பயணமும்

பாரிசவாதம் வந்த அண்ணனைச் சென்ற ஆவணியில் மாங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அப்படி ஒருவரோடு இந்த வழியில் போகவிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கும் நெஞ்சு ஆறாது.

அண்ணன் கடல் தொழிலாளி. சித்திரையில் அவர் கழுத்து நாளத்தை ஸ்கேன் எடுத்து, உள்ளே இரத்தம் ஓடும் விதத்தைக் கணினியில் கணித்து, நிறம் நிறமாக அசையும் படமாகக் காட்டினார்கள். இடப்பக்கம் அடைப்பு, சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" போட்டவர், வீட்டுக்கு வந்து தன் மனைவியிடம், அதாவது என் மச்சாளிடம் சொன்னது இதுதான்: "சிவப்பு கொஞ்சந்தான். மத்ததெல்லாம் நல்ல நீலம். கடல் பருவம் முடியட்டும், மறுகா பாப்பம்."

பருவம் முடியுமுன் விழுந்தார். வலக்கையும் பேச்சும் போய்விட்டன.

பஸ்ஸில் ஏற்ற நினைக்காதீர்கள். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். போய்வர வான் பதின்மூவாயிரம் ரூபாய். மச்சாளும் கூட வர, காலை ஆறுக்குப் புறப்பட்டோம். ஓட்டமாவடியில் தேநீருக்கு நிறுத்தினோம். அந்த ஊர்க்காரரான சாரதியே பிளேன்டீயை ஆற்றித் தந்தார். "ஒரே மூச்சில குடுக்காதீங்க அக்கா, பொரையேறும். எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் கிடந்தவர்." அவருக்கு ஆண்டவன் நல்லதே செய்யட்டும்.

மட்டக்களப்பில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது வலப்பக்கமும் அடைப்பாம். சத்திரசிகிச்சை என்றதும் அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். வைத்தியர், இளம் பெண், புதுப் படத்தை ஓடவிட்டார். மச்சாள் எட்டிப் பார்த்தாள்.

"நீலமாத்தானே கிடக்கு டொக்டர்? அப்ப நல்லந்தானே?"

"இல்ல அம்மா. நீலமெண்டா இரத்தம் மெதுவாகித் தேங்கிற இடம். அங்கதான் உறையும்."

"ஐயோ, அந்த நீலத்த நம்பித்தானே இவர் வராம நிண்டவர்!"

வைத்தியர் நிறங்களை மாற்றினார். தேங்கும் இடம் இப்போது சிவப்பு. அண்ணன் உற்றுப் பார்த்தார். பிறகு இடக்கையைத் தூக்கித் தன் கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கேட்கிறார் எனப் புரிந்து, சித்திரையில் எடுத்த படத்தையும் வைத்தியர் அதே நிறத்தில் போட்டார். இவ்வளவு சிவப்பு! அண்ணன் சத்தமில்லாமல் அழுதார். எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் சத்திரசிகிச்சைக்குத் தலையசைத்தார்.

திரும்பும்போது ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கீழே நீலமாய்த் தண்ணீர் கிடந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

போகிறவர்களுக்குச் சொல்வது: குடிதண்ணீர், தலையணை, பழைய அறிக்கைகள் எல்லாம் கொண்டுபோங்கள். படம் காட்டினால், எந்த நிறம் ஆபத்து என்று வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் அண்ணன் கேட்கவில்லை. இனி அவரால் கேட்க முடியாது.