உம்மென்று இருக்கத் தெரியாதவர்

லிஃப்ட் கதவு மூடியதும் கன்னங்களை உப்ப வைத்து, கண்களை உருட்டி, நாக்கு நுனியால் மூக்கைத் தொட்டுவிடப் பார்க்கிறார். எட்டவில்லை. இன்னொரு முயற்சி. மூன்றாவது மாடியில் கதவு திறக்கிறது. எதிரே ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கையில் கோப்புகளோடு நிற்கிறார். நாக்கை உள்ளே இழுப்பதற்குள் "வணக்கம் சார்" வெளியே வந்துவிட்டதால், அது கொஞ்சம் கொழகொழவென்று வருகிறது. இயக்குநர் லிஃப்டை விட்டுவிட்டுப் படி வழியாகப் போய்விடுகிறார்.

நாக்கை நீட்டிய இவர், ஐம்பதை நெருங்கும் ஓர் ஆராய்ச்சியாளர். பிள்ளை பெற்றபின் மனச்சோர்வில் விழும் தாய்மார்களையும், அந்தச் சோர்வு கைக்குழந்தையின் வளர்ச்சியை எப்படித் தொடுகிறது என்பதையும் பல வருடங்களாக ஆராய்கிறார். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் உண்டு. வருகிற தாய்மார்களுக்கு என்னவோ அவர் 'ஆராய்ச்சியக்கா'தான்.

குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் முகங்களை ஓயாமல் ஒத்திகை பார்ப்பது அவர் வழக்கம். வங்கி வரிசையில் யார் தோளிலாவது ஒரு குழந்தை தெரிந்தால் போதும். புருவம் தனியாக, காது தனியாக ஆட ஆரம்பித்துவிடும். கவுண்டரில் இருந்தவர் தன்னைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து ஒருமுறை மேலாளரையே கூப்பிட்டுவிட்டார். வீட்டிலும் இதே கதைதான். "சீட்டாட உக்காந்தா நான் என் சீட்டையே பாக்கறதில்லீங்க. இவ மூஞ்சியப் பாத்தாலே ஜோக்கர் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சுபோயிடும்" என்கிறார் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவருடைய ஆராய்ச்சிக்குத் தேவைப்படுவதோ அசையாத முகம். ஓர் அறையில் தாயும் குழந்தையும் எதிரெதிரே உட்காருவார்கள். தாய் முதலில் எப்போதும் போலக் கொஞ்சுவார். மணி அடித்ததும், கொஞ்ச நேரத்துக்கு முகத்தில் எதையும் காட்டாமல் வெறுமனே பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் கொஞ்சல். அந்த நடு நேரத்தில் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலான குழந்தைகள் லேசில் விடுவதில்லை. சிரித்து, கத்தி, கை நீட்டி அம்மாவைத் திரும்ப வரவழைக்கப் பார்க்கும். பதில் வராத முகத்துக்குப் பழகிப்போன சில குழந்தைகள் மட்டும் சீக்கிரமே பார்வையைத் திருப்பிக்கொள்ளும்.

"குழந்தை 'ங்கா'ன்னு சொன்னா யாராவது பதிலுக்கு 'ங்கா' சொல்லணும். பேச்சு, தைரியம் எல்லாம் அதுலேருந்துதான் கிளம்புது" என்று, பத்திரிகைக்காகப் பார்க்கப்போன எனக்கு விளக்கினார். "அம்மாவுக்கு அந்த 'ங்கா' சொல்லவே தெம்பில்லாமப் போச்சுன்னா அவங்களத் திட்டி என்ன ஆகப்போகுது? தெம்பு வர வழியப் பாக்கணும்."

அசையாத முகத்தை அவரையே செய்து காட்டச் சொன்னால் உதடு துடிக்கும், மூக்கு விடைக்கும், பக்கென்று சிரித்துவிடுவார். அதனால் செய்து காட்டும் பொறுப்பு, இதையெல்லாம் பதிவு செய்யும் கேமராக்காரருடையது. ஆறடி உயர மனிதர். சம்பளம் ஏறினாலும் பல் வலித்தாலும் அவருக்கு ஒரே முகம். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சுவர்'. வந்து நிற்பார், தாய்மார்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், நன்றி சொன்னால் அதற்கும் அதே முகம்.

நான் போன அன்று, எட்டு மாதப் பெண் குழந்தையோடு ஒரு தையல்காரம்மா வந்திருந்தார். பத்திரிகையிலிருந்து ஒருவர் பார்க்கலாமா என்று கேட்டதற்கு "பாத்துட்டுப் போகட்டுமே" என்றார். மற்ற எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். உடம்பு? "நல்லா இருக்கேன்." தூக்கம்? "நல்லா தூங்கறேன்." சாப்பாடு? "அதுவும் நல்லாத்தான்." சட்டையை மட்டும் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார். ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர்.

சுவர் வந்து நின்று காட்டினார். "இதுக்குப் போய் எதுக்குக்கா பயிற்சி? வீட்டுல எம் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்கு" என்றார் தையல்காரம்மா. ஆராய்ச்சியக்காவின் புருவங்கள் ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

அறையின் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய கண்ணாடி. அதன் பின்னால் இருட்டறை. அங்கிருந்து பார்த்தால் தாயும் குழந்தையும் தெரிவார்கள். அவர்களுக்குத் தங்கள் பிம்பம்தான் தெரியும். இருட்டு கலையாதவரைக்கும். ஆராய்ச்சியக்கா, கேமராவோடு சுவர், நான் என மூவரும் அங்கே நின்றோம்.

மணி அடித்தது. தையல்காரம்மாவின் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குழந்தை ஒரே ஒரு தரம் "ங்கா" என்றது. காத்திருந்து பார்த்தது. பிறகு, மூடிய கடை முன்னால் நிற்பானேன் என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஆராய்ச்சியக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "இன்னொரு தரம் கூப்பிடு கண்ணு, கூப்பிட்டுப் பாரு" என்று முணுமுணுத்தார்.

குழந்தை கண்ணாடியில் வேறொரு குழந்தையைக் கண்டுபிடித்து நாக்கை நீட்டியது. இருட்டில் இங்கே ஆராய்ச்சியக்காவின் நாக்கும் நீண்டது. அங்கே கன்னம் உப்பினால் இங்கேயும் உப்பியது. தான் செய்வது அவருக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து லென்ஸ் மூடியைக் கீழே தவறவிட்ட சுவர், அதைத் தேடக் குனிந்து செல்போன் டார்ச்சை அடித்தார்.

வெளிச்சம் ஆராய்ச்சியக்காவின் மோவாய்க்குக் கீழிருந்து மேலே பாய்ந்தது. கண்ணாடியில் குழந்தையின் பிம்பத்துக்குப் பக்கத்தில், உப்பிய கன்னமும் மாறுகண்ணும் தொங்கும் நாக்குமாக ஒரு தலை மட்டும் மிதந்தது.

குழந்தை ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் கீச்சென்று கத்திச் சிரித்தது. தையல்காரம்மா திரும்பி "ஐயோ, பேய்!" என்று நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பிறகு பேய் யாரென்று தெரிந்தது. விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு கிளம்பியது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழந்தை கண்ணாடியை மறந்து, அம்மாவின் முகத்தைப் புதிதாக வந்த பொம்மையைப் போலப் பார்த்தது. எட்டி, இரண்டு கையாலும் படபடவென்று அதில் அடித்தது.

சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஆராய்ச்சியக்கா இருட்டறையிலிருந்து ஓடினார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளு தள்ளென்று தள்ளி, ஒருவழியாக உள்ளே போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் நல்லா இல்லக்கா" என்றார் தையல்காரம்மா.

"சொல்லுங்கம்மா."

"இவ பொறந்ததுலேருந்து எதுவுமே பிடிக்கல. இவளப் பாத்தாக்கூடப் பாசம் வர மாட்டேங்குது. இதப் போய் யார்கிட்ட சொல்றது? செருப்பாலயே அடிப்பாங்க."

"யாரும் அடிக்க மாட்டாங்க. இது ஒரு நோவு. உங்க தப்பு இல்ல. வைத்தியம் இருக்கு, டாக்டரம்மா இதே வராந்தாவுலதான் இருக்காங்க. இப்பவே போயிடலாமா?"

"இவள யாரு பாத்துக்கறது?"

"நான் இல்ல? நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு."

மாலையில் இயக்குநர் பதிவைப் போட்டுப் பார்த்தார். "இது செல்லாதும்மா. கண்ணாடில நீங்க இருக்கீங்க."

"ஆமா சார்."

"நாக்கோட இருக்கீங்க."

"ஆமா சார்."

"இத எதுல சேக்கறது?"

"எதுலயும் வேணாம் சார். விட்டுடுங்க." வருத்தமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள அவர் எவ்வளவோ முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து மறுபடி போனேன். தையல்காரம்மா வாரம் தவறாமல் டாக்டரம்மாவிடம் வருகிறார், மாத்திரையும் சாப்பிடுகிறார். "சில நாள் பரவால்ல. சில நாள் எழுந்திருக்கவே முடியல. ஆனா இப்ப அதச் சொல்ல முடியுது" என்றார் என்னிடம். அவர் உள்ளே இருக்கும் நேரத்துக்கு ஆராய்ச்சியக்காதான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பது. கதவு திறந்ததும் குழந்தை மொத்த உடம்போடு அம்மாவிடம் தாவியது. "வாடி என் பட்டு, அம்மாவத் தேடினியா?" என்று வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

ஆராய்ச்சியக்கா என் பக்கம் திரும்பி, அடுத்து அப்பாக்களையும் ஆராய்ச்சியில் சேர்க்கப்போவதாக வெகு தீவிரமாக விளக்க ஆரம்பித்தார். விளக்கி முடிக்கும்வரை மடக்கிய கைகளை இறக்கவேயில்லை. இடமும் வலமும் மெல்ல ஆடியபடி, நடுநடுவே அங்கே இல்லாத ஒரு முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.