முந்நூற்று ஒன்றாவது பிரதி

கருத்தப்பாண்டி கெட்டதற்கு அவன் மட்டும் காரணமில்லை. ஏத்திவிட்டது நாங்கள். அதில் முதல் ஆள் நான்.

சிவகாசியில் நானும் அவனும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தோம். நான் பைண்டிங், அவன் கட்டிங் மெஷின். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த மலை, பாலைவனம், பழைய கட்டடப் படங்களைப் பெரிய புத்தகமாகப் போடும் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வரும். முந்நூறு பிரதிதான் அடிப்போம். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, படம் எடுத்தவரே கையெழுத்திடுவார். அதற்கு மேல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதுதான் அந்தப் புத்தகத்துக்கு மவுசு.

வண்ணம் சரியாகும்வரை ஓடுகிற செட்டிங் தாளெல்லாம் கழிவு. அது பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியின் பட்டாசு ஏஜெண்டுக்குப் போய், வீடு வீடாகப் பிரிந்து, பட்டாசுக் குழாயாகும். பாண்டியின் மனைவி பொன்மணியும் மகள் செல்வலட்சுமியும் உருட்டுவது அதைத்தான். போவதற்குள் ஆளுக்கு ரெண்டு தாள் உருவிக்கொள்வோம். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற முருகனும் லட்சுமியும் காலண்டர் ஓடும்போது அப்படி வந்தவர்கள்தான். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை.

பாண்டிக்குச் சாமி படம் வேண்டாம். ஆளே இல்லாத பனிமலை, ஆளே இல்லாத மாடிப்படி, இதுதான் வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டுக்காரனுக்கு வேறு எதில் ஆசை வரும்? கறை படாத தாளாகப் பொறுக்கி, வீட்டிலேயே தைத்து அட்டை போடுவான். ஏழு வருஷத்தில் பதினோரு புத்தகம் சேர்த்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் திறப்பான். ஒருநாள் செல்வலட்சுமி பசைக் கையோடு பனிமலையைத் தொட்டுவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளையைக் கன்னம் வீங்க அறைந்தான், பாவி.

2007-ல் அந்தப் பனிமலைப் படங்களை எடுத்த வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட வந்தார்.

"ஏலே பாண்டி, ஒன் புத்தகத்துலயும் ஒரு கையெழுத்து வாங்கேன். ஒன்னைய மாதிரி ரசிகன் அவருக்கு எங்கன கெடைப்பான்?" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மறுநாள் அவன் வெள்ளை வேட்டி கட்டி, பனிமலைப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினான்.

புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. எண் போடும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. சின்ன முதலாளி ஸ்ரீராம்குமாரைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். முந்நூற்று ஒன்று வெளியே தெரிந்தால் இனி யார் ஆர்டர் தருவார்கள்? சின்ன முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

ஆனால் சத்தமே போடவில்லை. வேன் அனுப்பிப் பாண்டி வீட்டிலிருந்த மற்றதையும் அள்ளி வரச் செய்தார்.

"பாண்டியண்ணே, நீங்களே வெட்டிருங்க. ஒங்க வெட்டுதான் நேரா இருக்கும்."

"மொதலாளி, என்னைய வேலைய விட்டுத் தூக்கிருங்க. இதுகள விட்டுருங்க," என்று காலில் விழுந்தான்.

"வேலை எங்கயும் போகாது. வெட்டுங்க."

வெட்டினான். அந்த மெஷினில் கத்தி இறங்க இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கவேண்டும். கண்ணைத் துடைக்கக்கூட அவனுக்கு ஒரு கை மிச்சமில்லை. வெள்ளைக்காரர் பதினொன்றையும் எண்ணிக்கொண்டு நின்றார். நான் சொல்லித்தான் கொண்டுவந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து பைண்டிங் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் வேலை வேண்டுமே.

அடுத்த ஞாயிறு மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். ஏஜெண்டு இறக்கிவிட்டுப் போன தாள்கட்டு நடுவீட்டில் அவிழ்ந்து கிடந்தது. அதே பனிமலை, துண்டு துண்டாக. பொன்மணி என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தீபாவளி சீசன், உருட்டாமல் இருக்க முடியாது. அவள் பசையைத் தடவித் தடவி உருட்டிக்கொண்டிருந்தாள். பாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

செல்வலட்சுமி மட்டும் தாளைத் தொடவில்லை. எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பயந்து பயந்து அப்பன் முன்னால் நின்றாள்.

"அப்பா, இப்பத் தொடலாமா?"